விழுந்துவிட்ட வாக்கு

பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஞாயிற்றுக்கிழமை எவரும் சும்மா இருப்பதில்லை. மற்றப் பரிஸ் கடைக்கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக் கிடக்கும் நாளில், இங்கே திருவிழாபோலச் சனம் நெரியும். புறநகர்களான திரான்சியிலிருந்தும் லா கூர்னெவ்விலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கி, கிழமைக்கு வேண்டிய முருங்கைக்காயும் மீனும் வாங்கி, ஆளுக்கொரு கொத்துரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். பிரெஞ்சுக்காரர்களோ தேர்தல் என்று வந்தால் அதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் வைப்பார்கள். எல்லாருக்கும் ஓய்வு நாளாம். அந்த எல்லாருக்குள் குகதாசனின் பலசரக்குக் கடையில் காசுமேசையில் நிற்கும் றெஜினா இல்லை.

பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துப் பல வருடமாகியும் றெஜினா ஒரு தடவையும் வாக்குப் போட்டதில்லை. வாக்காளர் அட்டை வீட்டில் மடு மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாகக் கிடந்தது. யாராவது கேட்டால் ஞாயிறு வேலை என்று சொல்லித் தப்பிவிடுவாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை மன்னாரில் பேசாலையில்தான் போய்த் தேடவேண்டும்.

அங்கே தொண்ணூற்றுநாலாம் ஆண்டுத் தேர்தலில் அவளுக்கு முதல் வாக்கு. இருபது வயது. வெற்றிமாதா திருநாளுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, காலையிலேயே பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றாள். உள்ளே போனதும் அதிகாரி வாக்காளர் இடாப்பில் பேனையை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். "பிள்ளை, உம்மட வோட்டு முதலே விழுந்திட்டுது," என்றார். அவளுக்கு விளங்கவில்லை. மை பூசுவதற்காகச் சின்னவிரலை நீட்டியபடியே நின்றாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் துவக்கோடு நின்ற தமிழ் இளைஞர்கள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மை படாத விரலோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து, ஆள் பத்திரமாக வந்து சேர்ந்ததே போதும் என்றாள் தாய். பயந்த காலத்தில் தாய்மார் வேறென்ன சொல்வார்கள்.

இந்தக் கதையை றெஜினா முதல்முதலாக முழுதாக வாய்விட்டுச் சொன்னது கும்பா சிசோக்கோவிடம். வில்லியே லே பெல்லில் றெஜினா இருக்கும் அதே மாடிக்கட்டடத்தில், அவளுக்கு இரண்டு தட்டு மேலே இருப்பவள் கும்பா. பெற்றோர் மாலியிலிருந்து வந்தவர்கள். இவள் இங்கேயே பிறந்தவள். கார் து நோர் ரயில்நிலையத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் நோயாளரைப் பராமரிக்கும் வேலை. காலை ரயிலில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் கூடுவார்கள். மாலையில் கும்பா கடைக்கு வந்து மரவள்ளிக்கிழங்கும் வெண்டிக்காயும் வாங்குவாள். விலையைப் பார்த்து முகத்தைச் சுளிப்பதில் அவளும் யாழ்ப்பாணத்தவர்களும் ஒன்றுதான்.

ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டடத்தின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தபோதுதான் கும்பாவின் குடியிருப்பாளர் சங்கம் தொடங்கியது. அவள் கதவு கதவாகத் தட்டி, வயதானவர்களுக்கு யார் சாமான் தூக்குவது என்று முறை வைத்தாள். பிறகு எல்லாரையும் கூட்டிக்கொண்டு நகரசபைக்குப் போனாள். லிஃப்ட் ஓடத்தொடங்கிய பிறகும் அவள் விடவில்லை. நகரசபைத் தரையைத் துடைப்பது கறுப்புக் கைகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது கறுப்புக் கைகள், அந்தச் சபையில் தீர்மானத்துக்கு உயர்வது மட்டும் ஏன் வேறு கைகள் என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், உள்ளூராட்சித் தேர்தலில் தன் ஆட்களைக் கொண்டே ஒரு பட்டியல் போட்டு, அதன் முதலிடத்தில் தன் பெயரை வைத்தாள். முதல் சுற்றில் தாக்குப்பிடித்து, இரண்டாம் சுற்றுக்கும் வந்துவிட்டாள்.

அவளுடைய துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் வாக்குறுதி எதுவும் இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் இருந்தது. எழுபதுகளில் தொழிலாளர் விடுதியொன்றில் அநியாய வாடகை கட்டமாட்டோம் என்று எழுந்து நின்ற ஆபிரிக்கத் தொழிலாளர்கள், கையில் பதாகை. ஓரத்தில் மெலிந்த உயரமான மனிதர் கும்பாவின் தகப்பன். ஊருக்கு என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லாமல் பழங்கதை எதற்கு என்று சிலர் நக்கலடித்தார்கள். இந்தப் பழங்கதையை மறந்ததால்தான் தங்கள் பிள்ளைகள் எதையும் கெஞ்சிக் கேட்கப் பழகிவிட்டார்கள் என்றாள் கும்பா.

கும்பாவுக்கு எப்படியும் வாக்குப் போடவேண்டும் என்ற ஆசை றெஜினாவுக்கு வந்தேவிட்டது. இரண்டாம் சுற்றுக்கு முந்திய கிழமை, குகதாசனிடம் ஞாயிற்றுக்கிழமை அரைநாள் கேட்டாள்.

குகதாசன் கெட்ட மனிதர் அல்ல. திரான்சியில் வீடு, தேர்தல் என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்தும் தலைமுறை. ஆனால் வாய் இருக்கிறதே. காசுமேசைக்குப் பின்னால் முகத்தை வெள்ளையாக்கும் கிறீம் வரிசையாக அடுக்கியிருக்கும். ஆபிரிக்கப் பெண்களும் நம்மவர்களும் போட்டிபோட்டு வாங்குவார்கள். குகதாசன் கும்பாவைவிட ஒரு பிடி கறுப்பு. இருந்தும் கறுப்பர் என்று அவர் சொல்லும்போது தம்மைச் சேர்த்துச் சொல்வதில்லை.

"காப்பிலியளுக்கு வோட்டுப் போடவோ தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டிட்டுப் போகப்போறீர்? அவையள் வந்து எங்களுக்கு என்ன செய்யப்போகினம்?"

ஆபிரிக்கர்களைக் குறிக்கும் அசிங்கமான சொல் அது. நம்மவர்கள் அதை உப்புப் புளி கேட்பதுபோல் கூசாமல் சொல்கிறார்கள். றெஜினா அதைப் பலமுறை கேட்டும் கேளாததுபோல் இருந்தவள்தான். அன்று அப்படி இருக்க முடியவில்லை.

"மன்னாரிலை என்ர வோட்டைக் களவெடுத்தவன் ஆபிரிக்கன் இல்லை அண்ணை. எங்கட ஆள். நல்ல தமிழ் கதைச்சவன்."

குகதாசன் வெங்காய மூட்டைகளின் பக்கம் போய்விட்டார். லீவும் கிடைக்கவில்லை. காசுமேசையில் நிற்கும் மற்றப் பெண் தாட்சாயினி பிரசவ லீவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பலில் காசுமேசையில் ஆளில்லாவிட்டால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

காலை ரயிலில் கும்பா அதற்கும் வழி சொன்னாள். புரொக்குரசியோன் என்று ஒன்று இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால், உனக்குப் பதிலாக நான் போய் உன் வாக்கைப் போடலாம் என்றாள். றெஜினா திடுக்கிட்டாள். ஒருத்தரின் வாக்கை இன்னொருத்தர் போடுவதற்கு அவளுடைய ஊரில் ஒரே பெயர்தான், கள்ளவோட்டு. பொலிஸே கையெழுத்து வைத்துக் கள்ளவோட்டுக்கு அனுமதி கொடுக்கும் நாடும் உலகத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். கும்பா ரயிலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அப்போதுதான் றெஜினா பேசாலைக் கதையைச் சொன்னாள். கும்பாவின் சிரிப்பு நின்றது.

பிறகு தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். இந்த நாட்டில் நாற்பது வருடம் உழைத்தும் அவர் வெளிநாட்டவராகவே இருந்து இறந்தவர், வாக்கு இல்லை. தேர்தல் ஞாயிறுகளில் ஊர் அங்கியை ஸ்திரிபோட்டு உடுத்திக்கொண்டு, பிள்ளைகளையும் கையில் பிடித்தபடி பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நிற்பாராம். வாக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள், வீடு சொந்தமான ஆட்களின் முகம் அது என்பாராம்.

"உன்னுடையதை என்னிடம் களவு கொடுக்கச் சொல்லவில்லை, றெஜினா," என்றாள் கும்பா. "கொஞ்ச நேரம் பிடித்துக்கொள் என்று தரச் சொல்கிறேன்."

மறுநாள் மத்தியான இடைவேளையில் றெஜினா பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்தாள். அங்கிருந்த இளம் பொலிஸ்காரர் கடைசியில் ஒன்று சொன்னார். உங்கள் தோழி போடுவதற்கு முன் நீங்களே போய்ச் சேர்ந்தால், நீங்களே போடலாம், மதாம். அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கும்பாவும், பின்னேரம் கடைசி நேரத்தில்தான் போடுவேன், எப்படியாவது வரப் பார் என்று வாக்குக் கொடுத்தாள்.

ஞாயிறு வந்தது. கடை வழக்கம்போலப் பிதுங்கியது. பின்னேரமாகியும் சனம் கொஞ்சமும் குறையாத நேரத்தில், குகதாசன் காசுமேசைக்குப் பின்னால் வந்து றெஜினாவின் தோளருகே நின்றார். கிழமை முழுக்க அவளோடு சரியாகக் கதைக்காத மனிதர்.

"நீர் போம். நான் நிக்கிறன்."

வரிசையைக் காட்டினாள் றெஜினா. நிற்கட்டும் என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, தன்னுடைய வாக்காளர் அட்டையும் திரான்சி வீட்டில் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது என்றார்.

மேலங்கியைப் பாதி மாட்டியபடி ஓடினாள். கும்பாவுக்குத் தொலைபேசி எடுத்தால் பதில் இல்லை. ரயிலில் இருக்க முடியாமல் நின்றுகொண்டே போனாள். பேருந்து ஒவ்வொரு நிறுத்தமாக நின்றபோது, அந்தச் சாரதியை மனதுக்குள் திட்டினாள். வாக்களிப்பு முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். வாக்குச் சீட்டுகளை எடுத்தாள், மறைப்புக்குள் போனாள், கும்பாவின் பட்டியலை மடித்து உறைக்குள் வைத்தாள். முப்பது வருடத்துக்குப் பிறகு செய்தாலும் இவ்வளவுதானா என்று தோன்றியது.

மேசையில் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கி, இடாப்பில் கோடு போடும் அடிமட்டத்தை வைத்து வரிவரியாக இறக்கினாள். அடிமட்டம் நின்றது.

"மதாம், உங்கள் வாக்குப் போடப்பட்டுவிட்டது."

றெஜினாவின் பெயருக்கு எதிரே கும்பாவின் கையெழுத்து இருந்தது. சட்டப்படி எல்லாம் சரி. சட்டம் தெரிந்து என்ன செய்ய, மனதுக்குள் அந்த இருபது வயதுப் பெண் அப்படியே நின்றாள். கோபம் வந்தது, கும்பாமேல் வந்தது, சாரதிமேல் வந்தது, இங்கேயும் பிந்தி வந்த தன்மேல் வந்தது. கையில் இருந்த உறையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவரோரம் போய் நின்றாள். தன்னையறியாமல் இடக்கைச் சின்னவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கும்பா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். காலையிலேயே உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படமெடுக்க இழுத்துப் போனார்களாம். அந்த அவசரத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டாளாம். வெளியே வந்த பிறகுதான் கடைசி நேரம்வரை காத்திருப்பதாகச் சொன்னது ஞாபகம் வந்ததாம். மன்னித்துக்கொள் என்று கையைப் பிடித்தாள். பரவாயில்லை என்று சொல்ல றெஜினாவுக்கு வாய் வரவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை.

வாக்களிப்பு முடிந்து பெட்டியைப் பூட்டியதும், மண்டபத்துக்குப் பொறுப்பான மொட்டைத்தலை மனிதர் சுற்றிப் பார்த்தார். எண்ணுவதற்கு ஆள் போதாது, இந்தச் சாவடி வாக்காளர்களில் பிரெஞ்சு எழுத வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். றெஜினா கையை உயர்த்தினாள். உயர்த்திய பிறகுதான் தானா உயர்த்தினோம் என்று பார்த்தாள்.

பேசாலையில் வாக்குப் பெட்டிகள் லொறியில் ஏறிப் போகும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஊரில் எவருக்கும் தெரியாது. இங்கே எல்லாருடைய கண்முன்னும் பெட்டியைத் திறந்து மேசையில் கவிழ்த்தார்கள். றெஜினாவை நாற்காலியில் இருத்தினார்கள். எதிரில் இருந்தவர் உறையைப் பிரித்துச் சீட்டை நீட்ட, அவள் உரக்க வாசிக்கவேண்டும். பக்கத்தில் இருவர் கோடு போடுவார்கள். முதல் சீட்டு மேயரின் பட்டியல். வாசித்தாள். இரண்டாவதும் அதுவே. குரல் கரகரத்தது.

மூன்றாவது சீட்டை விரித்தபோது சுவரோரம் நின்ற கும்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "கும்பா சிசோக்கோ," என்று பேசாலைப் பிரெஞ்சில் வாசித்தாள். பிறகு அந்தப் பெயர் அடிக்கடி வந்தது. இவற்றில் ஒன்று தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். எது என்று தெரியவில்லை. முதலில் ஒவ்வொரு மடிப்பாக உற்றுப் பார்த்தாள். அப்புறம் அதை விட்டுவிட்டாள். யாருடையதாக இருந்தால் என்ன, ஒன்றும் களவு போகாமல் அவள் வாயால்தான் வெளியே வந்தது. பெயரைச் சொல்லச் சொல்லக் குரல் தெளிந்தது. கும்பா அழுதுகொண்டிருந்தாள். நடைபாதையில் நின்றவரின் மகள்தானே.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கும்பாவின் பட்டியலுக்குத்தான் அதிக வாக்கு. ஊர் முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது மேயர் பதவி எட்டவில்லை. ஆனாலும் அவளும் அவள் ஆட்கள் சிலரும் நகரசபைக்குள் போனார்கள். தீர்மானத்துக்கு இனி அந்தக் கைகளும் உயரும்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போதே குகதாசன் கேட்டார்.

"என்ன, போட்டிட்டீரோ?"

"நான் போகேக்கை என்ர வோட்டு விழுந்திட்டுது அண்ணை."

குகதாசனின் கையில் இருந்த திறப்புக்கோர்வை அப்படியே நின்றது. "இஞ்சையுமோ?" என்றார். அந்த முகத்தைப் பார்க்க றெஜினாவுக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது.

"இல்லை அண்ணை. இது நான் என்ர கையாலை குடுத்து விழுந்தது. பிறகு பெட்டியைக் கவிட்டுப்போட்டு, எல்லாற்றை வோட்டையும் என்னைக் கொண்டுதான் வாசிப்பிச்சவை."

அவர் மரவள்ளிக்கிழங்குப் பெட்டிகளை வாசலுக்கு இழுத்து வைத்தார். தராசைத் துடைத்தார். பிறகு, அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்டார். அடுத்த வருடம் ஜனாதிபதித் தேர்தல் என்றாள் றெஜினா.

"அதுவும் ஞாயிறோ?"

"ஓம் அண்ணை. ஞாயிறுதான்."

"அப்ப அண்டைக்குக் கடையை மத்தியானத்துக்குப் பிறகு திறப்பம்," என்றார் குகதாசன்.