கால் நனையாமல் ஒரு மணி நேரம்

சின்னவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆனாலும் வீட்டில் அவள் சின்னவள்தான். பயண நிறுவனம் ஒன்றில் பதினாறு வருடமாக ஒரே வேலை. கடலோரச் சாலையில் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு எங்கே நிற்பது, எத்தனை நிமிடம் நிற்பது, எந்தக் கழிவறைக்குள் மூக்கைப் பிடிக்காமல் நுழையலாம் என்றெல்லாம் தாள் எழுதிக் கொடுப்பாள். தன் கால் படாத இடத்தை அதில் சேர்க்க மாட்டாள். தப்பு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அக்கா குடும்பம் வெளியே கிளம்பினால் தாள் இலவசம். ஆனால் திரும்பி வந்ததும் பரீட்சை உண்டு. "அந்த வளைவுல நின்னீங்களா? கலங்கரை விளக்கம் தெரிஞ்சுதா?" என்று துளைத்து எடுப்பாள். "உன் தங்கச்சி கூட வராட்டியும் பின் சீட்டுலதான் உக்காந்திருக்கா" என்பார் மாமா, அக்காவின் கணவர்.

அன்று காலையில்தான் மாமா, அக்கா, அவர்களுடைய ஆறு வயது வாண்டு மூவரும் கிளம்பியிருந்தார்கள். முதலில் தெற்கிலிருந்து வடக்கே போவதாகத்தான் ஏற்பாடு. முந்தின நாள் மாமா போன் செய்து, "வாண்டுக்கு வளைவு ரோடு ஒத்துக்காது. அதைக் காலையிலேயே முடிச்சுடலாம். அப்படியே திருப்பிப் போட்டுக் குடு" என்றார். வடக்குக் கோடியில் அறை எடுத்து, அங்கிருந்து தெற்கே இறங்குவதாகத் திட்டம் மாறியது. சின்னவள் நிறுத்தங்களைக் கீழிருந்து மேலாகப் புரட்டி, நேரங்களை மாற்றி, பத்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டாள். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அலுவலகத்தில் பெருமையாகவும் சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிய அன்றே மதியம் மூன்று இருபதுக்கு, புதுமணத் தம்பதி ஒன்றுக்காக அதே சாலையை எடுத்தாள். கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையில் விரலை ஓட்டினாள். விரல் நின்றது.

அந்தச் சாலையில் ஓரிடத்தில், கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளி ஒரு பாறை. கடல் வற்றும்போது அதுவரை மணல்பாதை ஒன்று எழும்பும். இன்றைக்கு வற்றும் நேரம் பன்னிரண்டரை. மூன்று நாற்பதுக்குப் பாதை மூடிவிடும். ஐந்து மணிக்குப் பாறைமேலேயே அலை ஏறும். அக்காவுக்கு எழுதிய பழைய தாளில் பாறைக்குப் போகும் நேரம் பதினொன்றரை. புரட்டிய தாளில் மூன்றேகால். கீழே அவள் எழுதிய வரி மட்டும் புரளாமல் அப்படியே இருந்தது: "கடல் வற்றியிருக்கும். கால் நனையாமல் நடந்துபோய் ஒரு மணி நேரம் இருக்கலாம்."

போகும்போது பாதை காய்ந்து கிடக்கும், சந்தேகமே வராது. திரும்பிப் பார்க்கும்போது இருக்காது. ஒருமுறை முழங்கால் தண்ணீரில் அவளே அங்கே மாட்டியிருக்கிறாள். அது காலைப் பிடித்து இழுத்த இழுப்பு அவளுக்கு மறக்கவில்லை. வாண்டின் இடுப்பே அவளுடைய முழங்காலுக்குச் சற்று மேலேதான்.

அக்காவுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மாமாவுக்கும் அதேதான். "இருபது கிலோமீட்டருக்கு சிக்னல் கிடையாது, நிம்மதி!" என்று தாளில் அவளே எழுதியிருந்தாள்.

பாறைக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரம்மாவின் எண் கையில் இருந்தது.

"பச்சை காரா? அந்தக் குட்டிப் பொண்ணு கூட ஜன்னல் வழியா டாட்டா காட்டுச்சே. அவங்க கிளம்பி இருபது நிமிஷம் ஆச்சுங்க."

கார் பாறைக்குப் போகவும் இருபது நிமிடம்தான்.

மேசைமேல் இருந்த அலுவலகப் போனை எடுத்தாள். கடலோரக் காவலை அழைத்தாள்.

"எத்தனை பேரும்மா?"

"மூணு பேர். ஒண்ணு குழந்தை."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார்." மாமாவுக்கு வாளித் தண்ணீரே அதிகம்.

"படகு வர ஒன்றரை மணி நேரம் ஆகும்மா. லைன்லயே இருங்க" என்றார் காவலர்.

அந்த ஒன்றரை மணி நேரம் அவள் உட்காரவேயில்லை. மூன்று நாற்பதானது. நாலானது. இப்போது பாதை இல்லை. இப்போது மாமா வாண்டைத் தோளில் தூக்கியிருப்பார். அக்கா என்ன நினைப்பாள்? சின்னவள் எழுதியிருக்கிறாள், தப்பாக இருக்காது, இதோ வற்றிவிடும் என்றுதான் நினைப்பாள். நான் ஒருநாளாவது தப்பை ஒப்புக்கொண்டிருந்தால், அக்காவுக்கு இன்று ஒரு சந்தேகமாவது வந்திருக்கும்.

ஐந்துக்குப் படகின் வயர்லெஸ் வழியாகக் காவலரின் குரல் வந்தது. "பாறை பக்கத்துல வந்துட்டோம்மா. மேல அலை அடிக்குது. ஆளுங்க யாரையும் காணோம்."

"சரியாப் பாருங்க! பின்பக்கம் பாருங்க!"

"சுத்தி வந்துட்டோம். இருங்க, ரோட்டுல கார் நிக்குதான்னு ஆள் அனுப்பியிருக்கேன்."

கார் நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது கைபேசி அடித்தது. அக்கா.

"இப்பதான்டி சிக்னல் கிடைச்சுது. எல்லா இடமும் பாத்தாச்சு. அந்தப் பாறை இருக்கே, அடேயப்பா! மூணேகாலுக்குப் போனோம், ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம், கால் நனையாம நடந்து வந்துட்டோம்."

நாலேகாலுக்கு அந்தப் பாதையில் யாரும் கால் நனையாமல் வந்திருக்க முடியாது. அக்கா அங்கே போகவே இல்லை.

காவலர் லைனில் இருந்த அலுவலகப் போனை எடுத்து, "கிடைச்சுட்டாங்க சார், மன்னிச்சுக்கோங்க" என்றாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

"ஏய், என்னடி ஆச்சு?"

"நீ பாறைக்குப் போகலதானே அக்கா?"

"கோவிச்சுக்காதடி. வாண்டு தூங்கிடுச்சு. மாமாவும் ஒரு மரத்தடியில வண்டிய நிறுத்திட்டு ஒரு குறட்டை விட்டுட்டார். நீ பாவம் கஷ்டப்பட்டு எழுதினியேன்னுதான்..."

"இதுக்கு முன்னாடியும் இப்படித்தானா?"

"பாதி இடம் போனதில்லடி. நீ கேள்வி கேப்பியேன்னு தாளை மட்டும் படிச்சுக்குவேன்."

இத்தனை வருடமாக ஏமாற்றியிருக்கிறாள். சின்னவளுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அழுகைதான் நிற்கவில்லை.

அக்கா பதறிப்போனாள். "ஐயோ, இதுக்குப் போய் இப்படி அழுவாங்களா? இன்னும் வெளிச்சம் இருக்கு. இப்பவே போய் பாத்துட்டு வந்துடறோம். என்னங்க, வண்டியத் திருப்புங்க!"

"திருப்பாதே!" அலுவலகமே எழுந்து பார்க்கும்படி கத்தினாள் சின்னவள். "அக்கா, அங்க போகாதே. நான் தப்பா எழுதிட்டேன்."

"நீயா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. நான்தான். தப்பா எழுதிட்டேன்."