கிழக்கு வரிசையின் மணிக்கட்டு

அந்தக் கூடத்தில் இயந்திரம் தவறு செய்வதில்லை. தவறு செய்வது கைதான். இது எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் டேப்லெட் கணினி தயாரித்த அந்த ஆலையின் சுவர்களில் எழுதி ஒட்டப்பட்டிருந்த விதிகளை எல்லோரும் அவ்வப்போது மீறினார்கள். எழுதப்படாத இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறியதில்லை. ஒரு திருகாணி கோணலாக இறங்கினால் "கை நழுவிடுச்சு" என்பார்கள். திரையில் கீறல் விழுந்தால் "கைதான் பட்டுச்சு" என்பார்கள். முந்தைய ஆண்டு சுசித்ரா என்ற பெண் மட்டும், திருகாணி முடுக்கும் கருவி பழுது என்று சொன்னாள். அடுத்த வாரம் அவளைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்கடுத்த மாதம் அவளுடைய அட்டைக்கு வாயிற்கதவு திறக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

முனிலட்சுமியின் வேலை ஒலிப் பொத்தான்களைச் சோதிப்பது. நகரும் பட்டையின் இருபுறமும் மேசைகள் இருந்தன. மேற்கு வரிசை பழையது. கிழக்கு வரிசை, ஆர்டர் கூடியபோது அவசரமாகச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு மேசையிலும் டேப்லெட்டைச் சாய்த்து நிறுத்த ஒரு தாங்கி உண்டு; அதை ஜிக் என்பார்கள். மேற்கு வரிசைக்கு மின்சாரம் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. கிழக்கு வரிசைக்கு அந்த வசதி செய்யப்படவில்லை. பட்டையின் பக்கத்திலிருந்து குட்டையான ஒரு கேபிளை இழுத்தார்கள். அது எட்டுவதற்காக ஜிக்குகளைத் திருப்பிப் பொருத்தினார்கள். அதனால் கிழக்கு வரிசையில் டேப்லெட்டுகள் தலைகீழாக நின்றன.

பழைய மாடலில் இது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அதன் திரை சோதனையின்போது சுழலாது. புதிய மாடல் அப்படியல்ல. அதை எப்படி நிறுத்தினாலும் படம் நிமிர்ந்துகொண்டது. படத்தோடு சேர்ந்து பொத்தான்களும் தங்கள் வேலையை மாற்றிக்கொண்டன: எது மேலே இருக்கிறதோ அது ஒலியைக் கூட்டியது, கீழே இருப்பது குறைத்தது. சோதனைத் தாளோ பழைய மாடலுக்கு எழுதப்பட்டது. கேமரா பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஒலி கூட வேண்டும் என்றது அது. மேற்கு வரிசையில் கேமரா மேலே இருந்தது; ஒலி கூடியது; பச்சை விளக்கு எரிந்தது. கிழக்கு வரிசையில் கேமரா கீழே இருந்தது, ஒலி குறைந்தது, சிவப்பு. பயன்படுத்தப்போகிறவரின் வசதிக்காக யாரோ யோசித்துச் செய்த ஒரு கனிவு, சோதிக்கிறவளின் மேசையில் குற்றமாக வந்து விழுந்தது.

புதிய மாடல் வந்த முதல் நாளிலேயே முனிலட்சுமி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். கேபிள் பிடுங்கிக்கொள்ளாமல் டேப்லெட்டைத் தூக்கி, மணிக்கட்டை முறுக்கி நேராக்கி, திரை சுழலும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு அழுத்தினால் பச்சை. அவள் யாருக்கும் சொல்லித்தரவில்லை. பக்கத்து மேசை பார்த்தது. அதற்கடுத்த மேசையும் பார்த்தது. மதிய உணவு மணிக்குள் கிழக்கு வரிசை முழுவதும், ஒரு சொல்கூடப் பேசாமல், மணிக்கட்டைத் திருப்பக் கற்றிருந்தது.

ஒரு நாளைக்கு எழுநூறு திருப்பல்கள். நான்காம் மாதத்தில் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியது. வலி கையைத் தாமதப்படுத்தியது. தாமதத்தை ஈடுகட்ட, திரை சுழன்று முடிப்பதற்குள் விரல் அழுத்தியது. சிவப்பு. நூற்றுக்கு ஆறு வீதம் அவளுடைய டேப்லெட்டுகள் ரிஜெக்ட் ஆயின. அவற்றை மறுசோதனைப் பிரிவில் நேராக நிறுத்திப் பார்த்தார்கள். எதிலும் குறை இல்லை. டேப்லெட்டில் குறை இல்லையென்றால் குறை வேறெங்கே இருக்க முடியும்? பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ஒவ்வொரு நாளும் 'கை' என்றே எழுதப்பட்டது.

அவளுடைய மூன்றாவது பதினொரு மாத ஒப்பந்தம் அந்த மாத இறுதியில் முடிய இருந்தது. மாலூரில் இருந்த கணவன் வீட்டை விட்டு, முன்பல் ஒன்றை அங்கேயே இழந்து வந்தவள் அவள். கம்பெனி அட்டையைக் காட்டித்தான் குந்தாரப்பள்ளியில் ஓர் அறை கிடைத்தது. அட்டை இல்லையென்றால் அறை இல்லை. அறை இல்லையென்றால் மாலூர். அவளுடைய அண்ணன் இதை ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியிருந்தான்.

கம்பெனிப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்பவள் அதியா. காவேரிப்பட்டினத்துக்காரி, மேற்கு வரிசையில் முனிலட்சுமிக்கு நேரெதிர் மேசை.

"ஏமே லட்சுமி, கை எப்பிடி இருக்குது?"

"அது கம்பெனி கைடி. சாயங்காலம் வரைக்கும் அவங்களுது. அப்பறந்தான் எனக்குத் திருப்பித் தராங்க, வலியோட."

அதியா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஜிக்கு தலகீழா இருக்குதுன்னு விமல் அண்ணங்கிட்ட சொல்லேன்."

"நீ சொல்லு. உனக்கு இன்னும் எட்டு மாசம் கெடக்குது இல்ல?"

அதியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என் ஜிக்கு நேராத்தானமே இருக்குது" என்றாள்.

அன்று தேநீர் இடைவேளையில் விமல்ராஜ் ஒரு தாளோடு அவள் மேசைக்கு வந்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவன், வரிசைத் தலைவன்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. கவனக்குறைவுன்னு இருக்கும், பயந்துக்கிறாத. எல்லாருக்கும் இதே தாள்தான்."

"போட்டா புதுப்பிப்பாங்களாண்ணா?"

"சார்ட்ட பேசியிருக்கேன். நாளைக்குக் காலை மீட்டிங்ல முன்னாடி வந்து, தப்பு என் கையிலதான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அம்புட்டுத்தான். மூணு மாசமாச்சும் வாங்கித் தாரேன்."

"ஏன் செவப்பு எரியுதுன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

விமல்ராஜின் பார்வை ஒரு கணம் ஜிக்கின் மீது படிந்தது. தலைகீழாக நின்ற கேமராவின் மீது. பிறகு பேனாவை அவளிடம் நீட்டினான்.

"எனக்கென்னம்மா தெரியும்? எனக்கும் பிப்ரவரியோட முடியுது."

அவள் கையெழுத்திட்டாள். வீங்கிய மணிக்கட்டு எழுத்தைக் கோணலாக்கியது. கவனக்குறைவுக்கு அதுவும் ஒரு சான்றுபோலத் தெரிந்தது.

மறுநாள் காலை ஆறே முக்கால். நீலச் சட்டையும் தலையுறையும் அணிந்து அறுபது பேர் நின்றார்கள். உற்பத்திப் பொறியாளர் அசோக்குமார் கடுமையானவர் அல்ல. யாரையும் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. விமல்ராஜ் கண்காட்ட, முனிலட்சுமி முன்னால் வந்தாள். வழக்கப்படி வலது கையை உயர்த்தினாள்.

"தப்பு என் கையில சார். இனிமே கவனமா இருக்கறேன்."

"ரொம்ப நல்லதும்மா" என்றார் அசோக்குமார். "தப்ப ஒத்துக்கறதுக்குப் பெரிய மனசு வேணும். லட்சுமி இந்த மாசத்தோட நம்மகிட்ட இருந்து ரிலீவ் ஆகுறாங்க. மூணு வருஷம் உழைச்சிருக்காங்க. எல்லாரும் ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். கையுறைகளுக்குள்ளிருந்து வந்த அந்த ஓசை, ஈரத்துணியை அடிப்பதுபோல் மந்தமாக இருந்தது. முனிலட்சுமி விமல்ராஜைப் பார்த்தாள். அவனும் தட்டிக்கொண்டிருந்தான், தரையைப் பார்த்தபடி.

அசோக்குமார் பின்னாலிருந்த திரையில் ஒரு வீடியோவை ஓடவிட்டார். கிழக்கு வரிசை. முகங்கள் இல்லை, கைகள் மட்டும். எட்டு வலது கைகள் டேப்லெட்டைத் தூக்கின, முறுக்கின, அழுத்தின, இறக்கின.

"இதப் பாருங்க. ஒவ்வொரு பீசுக்கும் மூணு செகண்ட் வீண். தாள்ல இப்படி ஒரு அசைவே கிடையாது. எங்க இருந்து பழகுனீங்கன்னு தெரியல. இன்னிக்கு முதல் டேப்லெட் ஜிக்க விட்டு எழும்பக் கூடாது. நைட்டே கிளிப் மாட்டிட்டோம்."

அந்தக் கிளிப்பின் பொருள் கிழக்கு வரிசையின் எட்டுப் பேருக்கும் தெரியும்: இனி ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் சிவப்பு எரியும்; மாத இறுதியில் எட்டுப் பேரும் முறைவைத்து முன்னால் வந்து கையை உயர்த்துவார்கள்; கைதட்டல் கிடைக்கும். மறுசோதனையில் எதிலும் குறை இருக்காது. புதிய எட்டுப் பேர் வருவார்கள். ஜிக் அப்படியே நிற்கும்.

"டவுட் இருந்தா கேளுங்க" என்றார் அசோக்குமார். ஒருவரும் கேட்டதில்லை, கேட்பார்கள் என்று அவரும் காத்திருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

முனிலட்சுமி கூட்டத்தில் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. மேசைக்கு நடந்தாள். ஒரு டேப்லெட்டை ஜிக்கில் நிறுத்தினாள். புதிய கிளிப் சொடுக்கிப் பிடித்துக்கொண்டது. கேமரா பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு.

"லட்சுமி, வேணாம்மா" என்றான் விமல்ராஜ், உதடு அசையாமல்.

கிளிப் எளிதில் விடவில்லை. இரண்டு கைகளாலும் நெம்ப வேண்டியிருந்தது. வலி முழங்கை வரை ஏறியது. டேப்லெட்டை வெளியே எடுத்தாள். நேராக்கினாள். திரை சுழன்று நிற்கும்வரை, அந்த ஒரு முழுக் கணம், அவசரமில்லாமல் காத்திருந்தாள். அதே பொத்தானை அழுத்தினாள். பச்சை.

மேற்கு வரிசைக்காரர்களிடையே அதியாவைத் தேடினாள். அதியா கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இதனால் தனக்கு அட்டை திரும்பக் கிடைக்காது என்பது முனிலட்சுமிக்குத் தெரியும். ஜிக்கையும் யாரும் திருப்பப்போவதில்லை. தன் பெயர் சுசித்ராவின் பெயரோடு சேர்ந்து பேருந்தில் தணிந்த குரலில் சொல்லப்படும், அவ்வளவுதான். ஆனாலும் பட்டை ஓடத் தொடங்கிய இரைச்சலை மீறிக் கேட்கும்படி, அறுபது பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"சார், கொஞ்ச நேரம் முன்ன சொன்னது பொய்யி. என் கையில தப்பு இல்ல. ஜிக்க தலகீழா மாட்டியிருக்கறீங்க. தப்பு மெஷின்லதான்."