கொண்டைக்கடலையும் ஒரு கிறிஸ்மஸ் லீவும்

1

ரினிதான் இதைக் கிளப்பிவிட்டாள். இப்போது குவைத்தில், ஃபர்வானியாவில் இருக்கிறாள். போன வாரம் ஃபோன் பண்ணி ஊர்க்கதை, சம்பளக்கதை எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகும்போது கேட்டாள்: "லே, அன்னைக்கு உன் கையில நெசமாவே சீட்டு இருந்துச்சா?" பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கிளிட்டஸ் என்று ஒருத்தன் வருவான். எக்ஸ்ரே டெக்னீஷியன், குளச்சல்காரன், வாய் கொஞ்சம் நீளம். அது நான்தான். ஆனால் கதை அவனுடையது இல்லை, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நர்ஸ் சுகிர்தராணியுடையது. நான் பார்த்தது அவள் முகத்தை மட்டும். முகத்துக்குப் பின்னால் ஓடியதாக நான் எழுதுவதெல்லாம் மூன்று வருஷத்து ஊகம்.

2

தொடக்கம் ஒன்று: "2006ஆம் வருஷம் அல் ஐனில் வெயில் நாற்பத்தெட்டு டிகிரி—"

வேண்டாம். வளைகுடா கதை என்றால் வெயிலில்தான் ஆரம்பிக்கணும் என்று எவன் சொன்னான்?

தொடக்கம் இரண்டு: "சுகிர்தராணியின் புருஷன் மஸ்கட்டில்—"

அவர் பாட்டுக்கு வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் நல்ல மனுஷன். அவரை எதற்கு இழுக்க?

தொடக்கம் மூன்று: மேனேஜர் ஒரே ஒரு லீவில்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார்.

இது சரி. எல்லாம் இதிலிருந்துதான் புறப்பட்டது. அல் ஐனில் நாங்கள் வேலை பார்த்த கிளினிக்கில் கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகத் துடிக்கிறவர்கள் மூன்று பேர்: சுகிர்தராணி, லேபில் ரினி, எக்ஸ்ரேயில் கிளிட்டஸ். டிசம்பரில் மூன்று விண்ணப்பம், ஒரு கையெழுத்து. முந்தின வருஷம் ரினி மேனேஜர் முன்னால் அழுது வாங்கிவிட்டாள். திரும்பி வந்த பிறகு ரெண்டு வாரம் அவளோடு யாரும் பேசவில்லை.

"இந்தத் தடவை அழுகை கிடையாது, சீட்டு," என்றான் கிளிட்டஸ். சலூன் டிவியில் போக்கர் பார்த்துப் பார்த்து அவனுக்குத் தலைக்கேறியிருந்தது. "லீக் மாதிரி ஆடுவோம். பத்து வெள்ளிக்கிழமை. சர்ச்சுல பூசை முடிஞ்சதும் சுகிர்தராணி அக்கா ரூம்ல. ஒரு வெள்ளி ஜெயிச்சா ஒரு பாயிண்ட். கடைசியில யாருக்குக் கூட இருக்கோ அவங்க லீவு எழுதணும். மத்தவங்க மூச்சு விடப்படாது."

சுகிர்தராணி உடனே சம்மதித்தாள். அவளுக்கு அக்ஸா இருந்தாள். மூன்றரை வயது, முட்டத்தில் சுகிர்தராணியின் தங்கச்சியிடம் வளர்கிற பிள்ளை. பெற்றவள் கடைசியாகத் தூக்கியபோது அதற்கு ஒன்றரை வயது. கணக்கு அவ்வளவுதான். இதற்கு மேல் நான் வயலின் வாசிக்க மாட்டேன்.

(கிளிட்டஸுக்கு என்ன காரணம்? அம்மா வைக்கிற மீன் குழம்பு, கூட்டுக்காரனுங்க, கேரல் பாட்டு. அவ்வளவே. அவனுக்கு ஒரு நிச்சயதார்த்தம் எழுதிப் பார்த்தேன், பெண் வீட்டார் கெடு வைத்ததாகக்கூட. வாசிக்கிறவர்கள் அவனை மன்னிப்பார்களே என்று ஓர் ஆசை. அடித்துவிட்டேன். நிச்சயதார்த்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.)

3

காசுக்குப் பதில் கொண்டைக்கடலை, ஆளுக்கு நூறு. பக்கத்து குரோசரி கௌஸ் முகைதீன் காக்காவுக்குச் சீட்டென்றாலே ஆகாது. "சுண்டலுக்குத்தானே?" என்று கேட்டபடி நிறுத்துக்கொண்டிருந்தவர், விஷயம் தெரிந்ததும் தராசிலிருந்து கையை எடுத்தார்.

"காசு வச்சு ஆடல்ல காக்கா, லீவு வச்சு ஆடுதோம்," என்றாள் சுகிர்தராணி.

"லீவு காசைவிடப் பெருசுல்லம்மா!" என்றார். ஆனாலும் கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் "யாரு முன்னால?" என்று கேட்காமல் யாருக்கும் பாக்கிச் சில்லறை வந்ததில்லை.*

* முதல் வாரம் அவர் தந்தது வறுத்த கடலை. ரினி பேச்சு சுவாரஸ்யத்தில் தன் நூறு கடலையில் பதினொன்றைத் தின்றுவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து பச்சைக் கடலைதான்.

பாடங்கள் என்று பார்த்தால், முதலாவது, சீட்டை ஓங்கி அடிக்கக்கூடாது. எங்கள் கடற்கரையில் நல்ல சீட்டு வந்தால் தரை அதிர அடிப்பார்கள். ரினி ஜோடி ஆஸ் வந்தாலே "மாதாவே!" என்பாள். உடனே மற்ற ரெண்டு பேரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவோம். பத்து வெள்ளியில் அவள் எடுத்தது ஒரே ஒரு பாயிண்ட், அதுவும் தொண்டை கட்டியிருந்த வாரம்.

இரண்டாவதை சுகிர்தராணி நாலாம் வாரம் தானாகக் கண்டுபிடித்தாள். ஒரு பாகிஸ்தானி டிரைவருக்கு பிரஷர் இருநூறு காட்டும்போது "குச் நஹி பாய், பைட்டோ" (ஒண்ணுமில்ல, உக்காரு) என்று சொல்வாளே ஒரு முகம், அதை மேஜைக்குக் கொண்டுவந்தாள். அடேயப்பா! மூன்று வாரம் தொடர்ந்து அவள்தான். ராத்திரி டூட்டி முடித்து வந்தவள் மாதிரியே இல்லை, கன்னம் ரெண்டும் சிவந்து, "போடுலே, போடு!" என்று உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் கிளிட்டஸுக்கும் தொழில் உண்டே. பிலிமில் எலும்பு ரெண்டாய்க் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டும், "டாக்டர் சொல்லுவாரு" என்று நோயாளியை வெளியே அனுப்புகிறவன். மேஜையிலும் அதையேதான் சொல்வான். அவள் என்ன கேட்டாலும், "டாக்டர் சொல்லுவாரு அக்கா."

4

பத்தாவது வெள்ளி. நாலுக்கு நாலு. ரினி அரைமணி நேரத்தில் காலி. இப்போது அவள்தான் சீட்டுப் போடுகிறாள்.

நடுவில் ரெண்டு பேருக்கும் பொதுவாகத் திறந்து கிடந்தவை: ஏழு, ஏழு, ராஜா, நாலு, ரெண்டு. சுகிர்தராணியின் கையில் ஒரு ராஜா, ஒரு ஆஸ். நல்ல சீட்டு. கிளிட்டஸிடம் ஒரு ஏழு இருந்து, மூன்று ஏழானால் மட்டும் அவள் தோற்பாள். (விவரம் தெரிந்தவர்கள் "ஜோடி நாலு இருந்தாலும்தானே" என்று சண்டைக்கு வராதீர்கள். கதைக்கு ஏழு போதும்.)

கிளிட்டஸ் தன் குவியல் முழுவதையும் ரெண்டு கையாலும் நடுவே தள்ளினான்.

இனி அவள் முடிவு. ஈடு கட்டினால் அவளும் முழுசும் போடணும். ஜெயித்தால் முட்டம், தோற்றால் அடுத்த டிசம்பர். கவிழ்த்தால் முப்பது கடலையாவது மிஞ்சும்.

"கிளிட்டஸ்," என்றாள். "ஏழு வச்சிருக்கியா மக்கா?"

"இருக்கு அக்கா," என்றான். அன்றைக்கு டாக்டரைக் கூப்பிடவில்லை.

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். என்ன நினைத்திருப்பாள்? 'தம்பி மாதிரிப் பழகுறவன், எம் பிள்ளை விஷயத்துல பொய் சொல்லமாட்டான்' என்று நினைத்ததாக நான் எழுதினால், அது என் குற்றவுணர்ச்சி எழுதுவது. 'ராஜாவை விடாதே' என்று நினைத்து, பயந்து, பிறகு—

தெரியாது. சீட்டைக் கவிழ்த்தாள். மிச்சம் முப்பது கடலையும் அடுத்த கால்மணி நேரத்தில் போயிற்று.

"லீவு உனக்கு. எழுதிக்க," என்றாள். கடலையைப் பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டு ஊறவைத்தாள். ராத்திரிக்குச் சுண்டல்.

5

ஜெயித்தவன் சீட்டைக் காட்டத் தேவையில்லை என்பது ஆட்டத்தின் விதி. கட்டோடு கலைத்துவிட்டான். இங்கே மூன்று முடிவு எழுதினேன்.

அ) அவனிடம் நிஜமாகவே ஏழு இருந்தது. எல்லாருக்கும் நல்லது.

ஆ) அவள் கவிழ்த்ததும் அவன் மனசு மாறி, "அக்கா, நீங்களே போங்க" என்றான். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு நல்லவன் அந்த அறையில் யாரும் இல்லை.

இ) கையில் இருந்தது ராணியும் மூணும்.

இ தான். ரினி, கேட்டாயல்லவா? ராணியும் மூணும். ஏழு இல்லை. சொல்லியாச்சு. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி இறங்கினேன். அதையும் சொல்லித்தான் ஆகணும்.

6

சுகிர்தராணி அக்ஸாவுக்குக் கொடுத்தனுப்பிய பாவாடை சட்டையோடு டிசம்பர் இருபத்திநாலாம் தேதி முட்டத்துக்குப் போனேன். வாசலில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை சித்தியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தது. அக்காவின் அதே மூக்கு.

"இந்தா மக்களே, அம்மா குடுத்துவிட்டது," என்று நீட்டினேன்.

பிள்ளை பொட்டலத்தைப் பார்த்தது. அப்புறம் அண்ணாந்து சித்தியைப் பார்த்துக் கேட்டது: "அம்மா, நீ எப்ப வாங்கின?"

சித்தி பதறிப்போய், "நான் இல்ல மக்களே, துபாய்ல இருக்காங்கல்லா, ஃபோன்ல பேசுவாங்கல்லா," என்றாள். அக்ஸா "ஓ, ஃபோனா," என்று வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது.

7

ஜனவரி மூன்றாம் தேதி. காலை டூட்டி. நான் பெல்ட்டில் பேட்ஜைக் குத்திக்கொண்டிருக்கிறேன். சுகிர்தராணி எக்ஸ்ரே ரூமுக்குள் வந்து கதவைச் சாத்துகிறாள். அவளுக்காக நான் கொண்டுவந்த நேந்திரங்காய் சிப்ஸை வாங்கி, பிரிக்காமல், மெஷின் மேல் வைக்கிறாள்.

"பிள்ளை என்னைக் கேட்டாளா லே?"

அவளுக்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே நாலு விதமாக எழுதி, நாலையும் கிழித்துப் போட்டேன். இனி என்னால் ஆகாது. நீங்கள் வாருங்கள், இந்தப் பக்கம், என் இடத்தில் நில்லுங்கள். வெளியே பேஷண்ட் கதவைத் தட்டுகிறார். அவள் நகரமாட்டாள், பதில் கேட்காமல் போகமாட்டாள். உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாயைத் திறங்கள்.