நாவல் வேரில் பதினேழு முண்டுகள்

ரைட்டர் மரியஅந்தோணி ஒரு பூவுக்கு நல்லது செய்யப் போய் அதன் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவர் செய்த கோளாறுகள் எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்தவைதான். அதனால் அவரைத் திட்டவும் யாருக்கும் வாய் வருவதில்லை.

எண்பத்து நாலாம் வருஷம், டிசம்பர் மாதம். தலைச்சோலை என்ற மலையூருக்கு மேலே அவர் கணக்கெழுதி வேலை பார்த்த காபி எஸ்டேட்டின் ஓரத்தில், ஓடையை ஒட்டி, காபி வைக்காமல் விட்ட ஒரு துண்டுக் காடு இருந்தது. அங்கே நிற்கும் நாவல் மரத்தின் வேரில் பதினேழு முண்டுகள். சொறி பிடித்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்த மல்லிகா மூன்று வருஷமாக மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, மண்டி போட்டு, மண்ணை ஒதுக்கி, அவற்றை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். இந்த டிசம்பரில் முண்டு வெடித்துப் பூ வரும், பூ விதையாகும், அதோடு ஆராய்ச்சியும் முடியும். அதற்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது அவள் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. "கொஞ்சம் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு மலை இறங்கினாள்.

பார்த்துக்கொள்வது என்றால் சும்மா பார்ப்பதா என்ன? மரியஅந்தோணி இருபத்தாறு வருஷம் காபிக்குள்ளேயே கிடந்தவர். நிழல் மிஞ்சினால் காபி பூக்காது. வருஷா வருஷம் மரக்கிளைகளைக் கழித்து வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். இந்தப் பூவோ பட்டப்பகலில் டார்ச் அடித்துப் பார்க்கிற இருட்டில் கிடந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. மலைமேல் சொந்தக் காடுகரை வைத்திருந்தாலும் காபிப் பழம் பறிக்கிற காலத்தில் எஸ்டேட்டுக்குக் கூலிக்கு வரும் அங்கப்பனைக் கூப்பிட்டார்.

"அந்த நாவல முழங்கால் ஒசரத்துக்கு வெட்டிப் போடு. பாவம், மூச்சு முட்டிக் கெடக்குது."

அங்கப்பன் மரத்தைப் பார்த்தார், முண்டுகளைப் பார்த்தார், கடைசியில் ரைட்டரையும் பார்த்தார்.

"வெட்டிறலாமுங்களா?"

"வெட்டு."

மல்லிகா திரும்பி வந்தபோது மரியஅந்தோணி பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். துண்டுக் காட்டுக்குள் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் அடிமரத்தின் மேல் கையை வைத்தாள்.

"சார், இதுக்கு இலையே கெடையாதுங்க. வெயில வெச்சு இது ஒண்ணும் பண்ணிக்கறதில்ல. மரம் வேருக்கு அனுப்பற சாப்பாட்டத் தின்னுட்டுத்தான் கெடக்குது."

"அப்ப மரம்..."

"மரந்தானுங்க இதுக்கு ஊடு, அடுப்பு எல்லாம்."

அவள் விளக்கமாகச் சொன்னாள். விதை தூசியை விடச் சின்னது. மழைத் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கி, தோதான வேரைத் தொட்டால் பிழைக்கும், இல்லாவிட்டால் அவ்வளவுதான். தொட்டபின் வேரும் அதுவும் கலந்து ஒரே முண்டாகிவிடும். எது மரம், எது பூ என்று அறுத்துப் பார்த்தாலும் பிரிக்க முடியாது. அப்படியே வருஷக்கணக்கில் மண்ணுக்குள் இருக்கும். பூக்கிற சில வாரம் மட்டும் தலையை வெளியே நீட்டும். மரியஅந்தோணிக்கு மாமனார் வீட்டோடு தங்கிவிட்ட தன் தம்பியின் ஞாபகம் வந்தது. நேரம் சரியில்லை என்று வாயை மூடிக்கொண்டார்.

"செத்துருமா அம்மிணி?"

"பாக்கலாமுங்க சார்."

"நாம் பண்ணுனது பெரிய தப்பா?"

"பரவால்லீங்க சார்."

மல்லிகா ஊர்ப் பக்கத்துப் பேச்சு மரியஅந்தோணிக்குத் தெரியாததல்ல. முடியாது என்றால் 'பாக்கலாமுங்க'. குடி முழுகிப்போனால் 'பரவால்லீங்க'. லீவு கேட்டு வருகிறவர்களிடம் அவரும் 'பாக்கலாம்' என்றுதான் சொல்லி அனுப்புவார்.

பதினேழில் மூன்று பூத்தன. கட்டைவிரல் பருமன், செங்கல் நிறம், தொட்டால் வெல்வெட்டு. எறும்புகள் ஏறி இறங்கின. மீதிப் பதினாலும் கறுத்துச் சுருங்கின. மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சியை முடிக்க முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். அதையும் மல்லிகா, "பரவால்லீங்க, இன்னும் டயம் குடுத்திருக்காங்க" என்றுதான் சொன்னாள்.

ரைட்டர் அங்கப்பனைப் பிடித்தார்.

"மரத்த வெட்டுனா அது போயிருமுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏன்யா சொல்லல?"

"வெட்டிறலாமுங்களான்னு கேட்டனில்லீங்க?"

"அதுக்குப் பேரு சொல்றதா?"

"ரைட்டருகிட்ட அதுக்கு மேல எப்புடீங்க சொல்றது?"

"சரி, இப்பப் பொழைக்குமா?"

"மழை பேஞ்சா மரம் துளுக்குமுங்க."

"நான் பூவக் கேட்டேன்."

"மழை பேயட்டுமுங்க."

சித்திரையில் மழை பெய்தது. அடிமரத்தின் ஒரு பக்கம் மட்டும் செந்துளிர் விட்டது. ஆடு கடிக்காமலிருக்க மரியஅந்தோணி முள்வேலி கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் குடையோடு நேரே அங்கேதான். வழியில் களை வெட்டுகிற ஆராயி விடமாட்டாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, கொளந்தைக்குப் பாலு குடுத்தாச்சுங்களா?"

"குடுத்தேன். உன்னாட்டமே, சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது."

மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் என்ன, கொஞ்சம் சாணி கரைத்து ஊற்றினால் என்ன என்று கை குறுகுறுக்கும். நல்ல எண்ணம் மறுபடி தலை தூக்குகிறது என்று புரிந்துவிடும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

அடுத்த டிசம்பரில் மல்லிகா சின்ன பிரஷ்ஷோடு வந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் வேரோரமாக மண்ணை ஒதுக்கினாள். பழைய முண்டுகள் தொட்டதும் பொடிந்தன. மரம் துளிர்த்த பக்கமாக இருந்த வேர் ஒன்றில் அவள் கை நின்றது. "இங்க பாருங்க சார்" என்று நகர்ந்துகொண்டாள். மரியஅந்தோணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மிளகளவில் ஒரு முண்டு.

"போன வருசத்துப் பூவோட விதைங்க. மூணுல ஏதோ ஒண்ணு."

அவர் முண்டைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார். குனிந்தபடியே கேட்டார். "அப்ப நாங் கொல்லலியா அம்மிணி? பாக்கலாமுன்னு மட்டும் சொல்லீராதே. ஒரு வருசமாக் கேட்டுட்டேன்."

மல்லிகா பிரஷ்ஷைத் தட்டிப் பைக்குள் வைத்தாள். அவர் நிமிரும்வரை காத்திருந்தாள்.

"கொன்னீங்க சார். பதினாலயும் நீங்கதான் கொன்னீங்க. மூணு வருச வேலை அதோட போச்சு. இது நீங்க வெட்டுனதால வந்ததில்லீங்க, வெட்டுனதையும் மீறி வந்தது. உங்க மேல எனக்கு நொம்பக் கோவமுங்க. இப்பவும் இருக்குது."