நினைவு மலரின் கடைசி வரி

கிளமென்ற் ஆறு மணிக்கு எழும்பினான். முகம் கழுவினான். கேத்தலை அடுப்பில் வைத்தான். பழக்கத்தில் இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான்.

ஏழு மணிக்கு அண்ணாவியார் சவிரியான் வந்தார். கண்டக்குழியில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு மேடையில் மாதாவாக அழத் தொடங்கி, கொழும்பில் படங்களுக்கு விருது வாங்கிய ஜெசிந்தாவுக்கு நடிப்புப் பழக்கியவர் அவர். அவள் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரின் தாளைக் கிளமென்றிடம் நீட்டினார்.

"'மகனே, என்னை யாரிடம் விட்டுப் போகிறாய்?' எண்ட மாதாவின்ர வரியைச் சொல்லித்தான் உன்ர மனிசி கண்ணை மூடினவள் எண்டு போட்டிருக்கிறன். சரியோ தம்பி?"

"இல்லை."

"ஊரே அப்பிடித்தான் கதைக்குது. அவள் நடிகையடா."

"எனக்கு முன்னால அவள் ஒருநாளும் நடிக்கேல்லை, அண்ணாவியார். எனக்கெண்டு இருந்தது அது ஒண்டுதான். அதையும் எடுத்துப்போடாதேங்கோ."

கிழவர் வரியை வெட்டினார். பேனையைப் பிடித்தபடி, "அப்ப சொல்லு, என்ன சொன்னவள்?" என்றார்.

கிளமென்றுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவில் வந்தது. அவள் சொன்னதைக் கேட்டு வீட்டுக்குப் போனவன் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"'நேத்தும் இந்தச் சேட்டுத்தானே போட்டனீங்கள், போய் மாத்திக்கொண்டு வாங்கோ.'"