ஹாலில் எழும்பிய மேடு

ராஜகுமாரி பாரிஸுக்குப் போவதென்று முடிவான அடுத்த வாரம், பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், அவர் வீட்டு ஹாலுக்குள் ஒரு மேடு எழும்பியது. முதலில் அது மேடென்று யாருக்கும் தெரியவில்லை. பால்கனி ஓரமாக உட்கார்ந்து ராஜகுமாரி உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயம் ஒன்று கை நழுவி, செருப்பு ஸ்டாண்டு வரை தானாக உருண்டு போனது. டைல்ஸ் போட்ட மேஸ்திரியை அவருடைய கணவர் வீரராகவன் நன்றாகத் திட்டினார். டைல்ஸ் போட்டுப் பல வருஷமாகிறது, இத்தனை நாள் எதுவும் உருளவில்லை என்பது திட்டி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சனிக்கிழமைக்குள் சோபா வழுக்கிக்கொண்டு வந்து வாசற்கதவை அடைத்துவிட்டது.

வீரராகவனுக்குப் பயத்தைவிட அவமானம்தான் அதிகம். அந்த அடுக்ககம் நிற்பது அவர் குடும்பத்தின் நஞ்சை நிலத்தில். பில்டருக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்த வீட்டை வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். வரப்பைத் தவிர வேறு உயரம் பார்க்காத மண்ணில், அதுவும் மூன்றாவது மாடியில், மேடு வந்துவிட்டதென்று யாரிடம் போய்ச் சொல்வது?

பாரிஸ் ஆசைக்குக் காரணம் ஒரு கேலண்டர். வீரராகவன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கிரைண்டிங் மெஷினில் வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில், பக்கத்து பெயிண்ட் கம்பெனியில் கொடுத்த மாதக் கேலண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு தாளில் நீண்ட படிக்கட்டும், படியோரத்தில் விளக்குக் கம்பங்களும், உச்சியில் வெள்ளைக் கோபுரங்களும், படம் வரைந்துகொண்டிருக்கும் ஆட்களும் இருந்தார்கள். கீழே மோன்மார்த், பாரிஸ் என்று பெயர் போட்டிருந்தது. வீட்டு வாடகை கொடுக்க வழியில்லாத ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் ஒரு காலத்தில் ஒண்டியிருந்த மேடு அது என்று ராஜகுமாரி எங்கோ படித்துத் தெரிந்துகொண்டார். வருஷம் முடிந்ததும் மற்ற மாதங்கள் பழைய பேப்பர்காரனிடம் போயின. அந்தத் தாள் மட்டும் சமையலறை ஆணியிலேயே தங்கிவிட்டது.

ராஜகுமாரி ஆவடியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஆற்றோரம் குடிசை. இதைப் பணிக்காலம் முழுக்க எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். சொந்தமாக ஒரு படம் வரைய நேரமே கிடைக்கவில்லை என்பார். நேரம் கிடைத்தது, தைரியம்தான் வரவில்லை. மோன்மார்த் உச்சியில் உட்கார்ந்தால் அது வந்துவிடும் என்று நம்பினார். ஆனால் போனால் கணவரும் தானும் சேர்ந்துதான் போக வேண்டும், அவர் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். வேறு எதையும் அவர் வாழ்க்கையில் அடம்பிடித்துக் கேட்டதில்லை.

மகள் கிருஷ்ணப்பிரியா அம்பத்தூரில் ஐ.டி. வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்பைத் திறந்து பயணத்துக்குத் திட்டம் போட்டாள். அவள் எதைப் பேசினாளோ அது ஹாலுக்கு வந்து சேர்ந்தது. அது மேட்டுப் பகுதி என்றாள், தரை சரிந்தது. படிக்கட்டின் போட்டோவைக் காட்டினாள், மறுநாள் காலை செருப்பு ஸ்டாண்டிலிருந்து கருங்கல் படிகள் கிளம்பி, பால்கனி இருந்த திசையில் ஏறி, மேலே மூடுபனிக்குள் போய் மறைந்தன. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம் முளைத்து, பொழுது சாய்ந்ததும் தானாக எரிந்தது. அதனால் மீட்டர் ஓடவில்லை என்பதில் வீரராகவனுக்கு மெத்த திருப்தி.

அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் ஜெகதீஷ் டேப்போடு வந்தார். அனுமதி இல்லாத கட்டுமானம் என்று அவருக்குச் சந்தேகம். படியில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார். டேப் தீர்ந்துவிட்டது, படி தீரவில்லை, இறங்கிவிட்டார். கீழ் வீட்டு அப்துல் ரசாக் தன் வீட்டு சீலிங்கை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். விரிசலும் இல்லை, ஈரமும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில், மேடு வீட்டுக்காரரின் சுவருக்குள்ளேயே இருப்பதால் சங்கம் தலையிடாது என்றும், விளக்குக் கம்பத்தில் வெளியே தெரியும்படி துணி காயப்போடக் கூடாது என்றும் முடிவானது.

அந்த ஊரிலும் பழனி மாதிரி விஞ்ச் உண்டு, உட்கார்ந்தபடி மேலே போய்விடலாம் என்று கிருஷ்ணப்பிரியா சொன்னபோது வீரராகவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மலைன்னு ஒண்ணு கீது, உச்சில கோயிலு கீது. அப்பால இன்னாத்துக்கு விஞ்சு? ஏறிப் போனாதாம்மா போன மாதிரி.”

“அது சர்ச்சுப்பா.”

“சர்ச்சுன்னா இன்னா, அங்க சாமி இல்லியா?”

வீரராகவன் வீட்டில் வருஷக் கடைசி நாளில் திருத்தணிக்குப் போய், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டி ஏறுவது வழக்கம். முட்டி தேய்ந்ததிலிருந்து அவர் மட்டும் கீழேயே நின்றுவிடுவார். இப்போது ஹாலில் வந்த படியில் பழகத் தொடங்கினார். காலையில் காபி குடித்ததும் மஞ்சள் கிண்ணத்தோடு ஏறுவார். முட்டி எந்தப் படியில் போதும் என்கிறதோ அந்தப் படி வரை பொட்டு வைத்துவிட்டு இறங்குவார். அடுத்த நாள் அதற்கு ஒரு படி மேலே. ராஜகுமாரி கீழே நின்று, “பாத்துங்க, பாத்து,” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது விசாவில் வந்து இடித்தது. கைரேகை எடுக்கக் கூப்பிட்டார்கள். ராஜகுமாரியின் ரேகை பதிந்தது. வீரராகவனின் விரல்கள் சர்வீஸ் முழுக்க இரும்போடு உரசியே வழவழத்துப் போனவை. ரேஷன் கடை மெஷினே அந்த விரலை மதித்ததில்லை, வெளிநாட்டு மெஷினா மதிக்கும்? துடைத்துப் பார்த்தார்கள், எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், இன்னொரு நாள் வரச் சொல்லியும் பார்த்தார்கள். ஒரு கோடுகூட விழவில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் விசா வந்தது, அவருக்கு வரவில்லை.

“எனக்கும் வேணாங்க. டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லுங்க,” என்றார் ராஜகுமாரி.

“பைத்தியமா உனுக்கு? எத்தினி வருஷமா அந்தக் கேலண்டர பாத்துகினு கீற! நீ போ. நான் நம்ம ஊட்டுப் பக்கமா ஏறி வந்துர்றேன்.”

ராஜகுமாரி அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார். சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பாவம், கூடவே வாழ்ந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வீரராகவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவர் சொன்னது ஏற்பாடு.

மகளும் அம்மாவும் விமானம் ஏறினார்கள். பாரிஸில் இறங்கிய மறுநாள் மோன்மார்த் படிக்கட்டின் அடியில் போய் நின்றார்கள். கேலண்டரில் இருந்தபடியே எல்லாம் இருந்தது, வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்ற அதே விளக்குக் கம்பம் உள்பட. ஆனால் ராஜகுமாரிக்குச் சந்தோஷம் வரவில்லை. பக்கத்தில் ஆள் இல்லையே என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது. போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்ன மகள்மேல் எரிந்து விழுந்தார். கிருஷ்ணப்பிரியா கோபித்துக்கொண்டு விஞ்ச் பக்கம் போய்விட்டாள். ராஜகுமாரி தனியாக ஏறினார். பாதி உயரத்துக்கு மேல், ஒரு படியின் நடுவில் மஞ்சள் அப்பியிருந்தது. அதன்மேல் குங்குமம், கட்டைவிரலால் வைத்தது, கொஞ்சம் கோணல். அந்தப் பொட்டில் ரேகை ஒன்றும் இல்லை. தொட்டுப் பார்த்தார், ஈரம் காயவில்லை. முகர்ந்து பார்த்தார், ஆவடி மில்லில் தான் கொடுத்து அரைத்த மஞ்சள். அடுத்த படியிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயதை மறந்து ஓடினார்.

உச்சியில், கடைசிப் படியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலது காலை நீட்டியபடி வீரராகவன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிபன் கேரியர்.

“இன்னா ராஜி, இம்மா நேரம்? நான் வந்து எவ்ளோ நேரமாவுது தெரியுமா? புளிசாதம் கட்டினு வந்தேன்.”

“முட்டி?” என்று கேட்டார் ராஜகுமாரி.

“அத்த வுடு. மொதல்ல உக்காந்து ஊரப் பாரு.”

கீழே பாரிஸ் முழுக்க விரிந்து கிடந்தது. அதை ராஜகுமாரி சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்து, புளிசாதம் தின்றுகொண்டிருந்த தன் கணவரை வரைந்தார். அங்கே படம் வரைந்து பிழைப்பவர்கள் சிலர் வந்து எட்டிப் பார்த்தார்கள். பென்சில் மழுங்கியபோது ஒருவர் வாங்கிச் சீவிக் கொடுத்தார், அவருக்கும் ஒரு வாய் புளிசாதம் கிடைத்தது. ஏறும்போது ஒத்துழைத்த முட்டி இறங்கும்போது மக்கர் பண்ணியது. ராஜகுமாரி அவர் கையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பேசிக்கொண்டே இறங்கினார். எந்தப் பக்கம் இறங்குகிறோம் என்று யோசிக்கவே இல்லை. கடைசிப் படியில் செருப்பு ஸ்டாண்டு வந்தது. அடுப்படியில் வீரராகவன் கழுவாமல் போட்டுவிட்டு வந்த பாத்திரங்கள் கிடந்தன. அவற்றைப் பார்த்து ராஜகுமாரி திட்டத் தொடங்கிய பிறகுதான் இருவருக்கும் விஷயம் புரிந்தது.

பாரிஸில் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பிரியாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அவள் ஒரு பாட்டம் கத்திவிட்டு, பெட்டிகளை மட்டும் கட்டிக்கொண்டு தனியாக வந்து சேர்ந்தாள். விமானத்தில் பக்கத்து சீட் காலியாக இருந்ததால் படுத்துத் தூங்கியதாகச் சொன்னாள்.

கேலண்டர் தாள் இருந்த ஆணியில் இப்போது ராஜகுமாரி வரைந்த படம் தொங்குகிறது. வீரராகவனின் மூக்கு கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்பார்கள், அவர் மூக்கே அப்படித்தான். ராஜகுமாரியின் பாஸ்போர்ட்டில் கிளம்பியதற்கு முத்திரை இருக்கிறது, திரும்பியதற்கு இல்லை. பாஸ்போர்ட் ஆபீசில் போய் விளக்கிச் சொல்லும்படி ஜெகதீஷ் யோசனை சொன்னார். என்னவென்று விளக்குவது என்று கேட்டதும், மாதச் சந்தாவை ஞாபகப்படுத்திவிட்டுப் போய்விட்டார். அரசாங்கத்தைப் பொறுத்தவரை ராஜகுமாரி இன்னும் பாரிஸிலேயே இருக்கிறார், வீரராகவன் நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் செருப்பை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு படியேறுகிறார்கள். அந்த நேரத்தில் கேஸ் சிலிண்டர் வந்தால் கீழ் வீட்டு அப்துல் ரசாக் வாங்கி வைக்கிறார்.