குன்னூர் வாசலுக்கு ஒரு பூமரம்

பரந்தாமனுக்கு ரயில்வேயில் குன்னூருக்கு மாற்றல் வந்ததும், மேனாம்பேட்டில் அவன் மனைவி தாட்சாயிணிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமியார் பொன்னம்மாளின் வாயில் அரைபட்டவள் அவள். மலையில் தனிக்குடித்தனம் என்ற நினைப்பே தேனாக இனித்தது. அந்தத் தேனில் பொன்னம்மாள் ஈயாக வந்து விழுந்தாள்.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரே ஒரு சிறிய பூமரத்துக்குத்தான் இடமாம். அங்கே பீச் மரம்தான் வைப்பார்களாம். இலையே தெரியாமல் கிளை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்குமாம். தாட்சாயிணி அதற்கே ஆசைப்பட்டாள். பொன்னம்மாளோ, தரையில் உதிர்ந்தாலும் சாமிக்கு ஆகிற பூ பவழமல்லி ஒன்றுதான் என்றாள். அந்தக் குளிரில் அது பிழைக்குமென்றால் தானும் வருவதாகவும், இல்லையென்றால் பூசையை விட்டு வரமுடியாதென்றும், மகள் வீட்டோடு இருந்துகொள்வதாகவும் ஊரறியச் சொல்லிவிட்டாள்.

அம்மாவை விட்டுப் போக மனமில்லாத பரந்தாமன் ஒரு யோசனை கண்டுபிடித்தான். பவழமல்லிக் கன்றைத் தொட்டியில் நட்டு, ஈரச்சாக்கைச் சுற்றி, கிணற்றடி நிழலில் வைத்தான். இந்தக் குளிரைத் தாங்கினால் குன்னூரையும் தாங்கிவிடுமாம். சித்திரை வெயிலில் நனைந்த சாக்கைக் குன்னூர் என்று நம்பியவனை என்னவென்று சொல்வது! கன்று அந்தச் சுகத்தில் புதுத்துளிரே விட்டது.

துளிரைப் பார்த்துத் தாட்சாயிணிக்கு வயிறு எரிந்தது. கருவாடு கழுவிய உப்புத் தண்ணீரைத் தினமும் யாருக்கும் தெரியாமல் தொட்டியில் ஊற்றத் தொடங்கினாள். சாமிக்குப் பூக்கிற செடியாயிற்றே என்று மனசு உறுத்தியது. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊற்றினாள். கன்று தலை தொங்கியது. இவ்வளவு சீக்கிரம் வாடுமென்று அவளே நினைக்கவில்லை.

ஒருநாள் காலை கிண்ணமும் கையுமாகப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டியருகே பொன்னம்மாள் சொம்போடு குந்தியிருந்தாள். சொம்பிலிருந்து ஆவி பறந்தது.

"கருவாட்டுத் தண்ணி ஊத்தாதடி," என்றாள் பொன்னம்மாள், குரலைத் தாழ்த்தி. "நாத்தம் காட்டிக் குடுத்துடும். நான் வெந்நிதான் ஊத்திகினு கீறேன்."

தாட்சாயிணிக்குச் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் ரோஷம் வந்தது. தான் மாமியாரை வேண்டாமென்பது சரி. மாமியார் தன்னை வேண்டாமென்பதாவது?

"இன்னா அத்தே, என்கூட இருக்கறது அவ்ளோ கஷ்டமாவா கீது?"

"உன்கூட இல்லடி, அவன்கூட. ஒரு செடிக்கே இந்தச் சுத்து சுத்தறான். அந்தக் குளுருல என்னை எத்தினி கம்பளியில சுத்துவான்? பொறந்ததுலேந்து பாத்தாச்சி. இனிமே நீ பாத்துக்க."

தாட்சாயிணி கிண்ணத்தைத் தரையில் கவிழ்த்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, மாமியாரை எப்படியாவது குன்னூருக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கன்று பட்டுப்போயிருந்தது.